மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரியும்போது எடுக்கும் சதைத் துண்டு: லயத்திலிருந்தும் வாட்டிலிருந்தும் வரும் கேள்விகள்

அரச ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வாட்டிலிருந்து வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, கண்ணாடித் தகட்டில் ஏற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. அதை நுணுக்குக்காட்டியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் நோயியல் வைத்திய நிபுணர். நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். அதனால் நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து நிற்கும் சொந்தக்காரர்கள் விளக்கம் கேட்டு என்னிடம் வருவார்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும், வாட்டில் பெரும்பாலும் சிங்களத்தில் சொல்வார்கள். ஒன்றும் விளங்காமல் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்த பிறகு பேசாமல் கடந்துபோக முடியாது.

இங்கே இருப்பவை அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகள். மாத்திரைக்கோ ஊசிக்கோ பிறகு உடம்பு முழுக்க வரும் கடுமையான தோல் ஒவ்வாமைகளைப் பற்றியவை. சாதாரண தடிப்புக்கும் அரிப்புக்கும் பொதுவாகச் சதை எடுப்பதில்லை.

"தம்பி, பயொப்சி எடுக்கணும்னு சொல்றாங்க. அப்போ கேன்சரா?"

இல்லை. இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயொப்சி என்றால் ஒரு சின்னத் துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது, அவ்வளவுதான். புற்றுநோய்க்கும் எடுப்பார்கள், தொழுநோய்க்கும் எடுப்பார்கள், மருந்து ஒவ்வாமைக்கும் எடுப்பார்கள்.

எவ்வளவு பெரிய துண்டு? வலிக்குமா?

வழக்கமாக 4 மில்லிமீற்றர் அகலம். பேனா மூடியைப் போன்ற வட்டமான சிறு கத்தியால் சுழற்றி எடுப்பார்கள். அதற்கு முன் அந்த இடத்தை மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசி சுருக்கென்று எரியும், பிறகு தெரியாது. மேல்தோல், அதற்குக் கீழே உள்தோல், கொஞ்சம் கொழுப்பு என்று எல்லா அடுக்கும் அந்தத் துண்டில் வர வேண்டும். மேலாகச் சுரண்டி அனுப்பினால் முக்கியமான இடமே எங்களுக்குக் கிடைக்காது. ஒன்றிரண்டு தையலோடு முடிந்துவிடும்.

எந்த மருந்தால் வந்தது என்று அந்தத் துண்டு காட்டிக்கொடுக்குமா?

காட்டாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு என்ன நடந்தது, எந்த அடுக்கில் நடந்தது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத் துண்டு சொல்லும். வலிப்பு மாத்திரையால் செத்த கலமும் அன்ரிபயொட்டிக்கால் செத்த கலமும் நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

மருந்தின் பெயரைக் கண்டுபிடிப்பது திகதிகளை வைத்து. அந்தத் திகதிகள் நோயாளியிடமும் வீட்டாரிடமும்தான் இருக்கின்றன. தோல் உரிகிற நோய் பெரும்பாலும் புது மருந்து தொடங்கி 4 நாளிலிருந்து 28 நாளுக்குள் வரும். முகம் வீங்கி, காய்ச்சலோடு, ஈரலையும் தாக்கும் வகை 2 கிழமையிலிருந்து 8 கிழமை வரை கழித்து வரும். சீழ்ப்பருக்கள் போல வருவது சில மணி நேரத்திலோ சில நாளிலோ வந்துவிடும். ஆகவே "நேற்றுக் காய்ச்சலுக்குப் போட்ட பெரசிற்றமோல்தான் காரணம்" என்று எல்லோரும் சொல்லும்போது, உண்மையான காரணம் மூன்று கிழமைக்கு முன் கிளினிக்கில் தொடங்கிய வேறொரு மாத்திரையாக இருக்கலாம். அந்தக் காய்ச்சலே ஒவ்வாமையின் தொடக்கமாகவும் இருந்திருக்கலாம்.

திகதி ஞாபகம் இல்லை என்பார்கள். சம்பள நாளுக்கு முந்தியா பிந்தியா, கோயில் தேருக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். டவுன் பார்மசியில் சின்னக் காகித உறையில் பெயர் எழுதாமல் கொடுத்த மாத்திரை, பக்கத்துக் காம்பராவில் வாங்கிப் போட்ட மூட்டுவலி மாத்திரை, கசாயம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். உறையை எறிந்துவிடாதீர்கள். முடிந்தால் போனில் படம் பிடித்து வையுங்கள்.

அடிக்கடி பிடிபடும் மருந்துகள் சில: வலிப்புக்கும் முகத்து நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின், வலிப்புக்கான பெனிடோயின், பெனோபார்பிடோன், லமோட்ரிஜின், யூரிக் அசிட் கூடினால் கொடுக்கும் அலோபியூரினோல், கோட்ரைமொக்சசோல், டாப்சோன், சல்பாசலசின், சில வகை மூட்டுவலி மாத்திரைகள். இவை கெட்ட மருந்துகள் என்று எழுதவில்லை. இலட்சக்கணக்கானோர் இவற்றால் நலமாக இருக்கிறார்கள். மிகச் சிலரின் உடம்பு இவற்றை எதிரியாக எடுத்துக்கொள்கிறது.

வெந்நீர் கொட்டினது போலத் தோல் கழன்று வருகிறதே, அதில் துண்டு எடுத்தால் என்ன தெரியும்?

இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. தோல் கழன்ற பரப்பு உடம்பில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் சிண்ட்ரோம் என்பார்கள். 30 சதவீதத்தைத் தாண்டினால் டொக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ். இடைப்பட்டது இரண்டும் கலந்த நிலை. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து ஏறத்தாழ 1 சதவீதம் என்பது வாட்டில் போடும் கணக்கு. முதல் பெயருக்குரிய இரண்டு அமெரிக்க வைத்தியர்களும் 1922இல் இரண்டு சிறுவர்களிடம் இதை விவரித்தார்கள். இரண்டாவது பெயரை 1956இல் வைத்தவர் ஸ்கொட்லாந்துத் தோல் வைத்தியர் அலன் லையெல். வெந்நீர் பட்ட தோலைப் போலிருக்கிறது என்றுதான் அவரும் எழுதினார்.

இப்போது தகட்டுக்கு வருகிறேன். மேல்தோல் பல வரிசைக் கலங்களால் ஆனது. அடிவரிசையில் பிறக்கும் கலம் மெல்ல மேலே ஏறி, கடைசியில் செத்துத் தட்டையாகி உதிரும். அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். இந்த நோயின் தொடக்கத்தில் அடிவரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலங்கள் செத்துக் கிடக்கும். சாயத்தில் அவை கடும் இளஞ்சிவப்பாக, கரு சுருங்கிக் கறுத்து, பக்கத்துக் கலத்தோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும். நோய் முற்றும்போது அடியிலிருந்து மேல்வரை எல்லா வரிசையும் செத்திருக்கும். செத்த மேல்தோல் முழுசாக உள்தோலை விட்டுக் கிளம்பிவிடும். அந்த இடைவெளிதான் வெளியே கொப்புளமாகத் தெரிகிறது.

இதில் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைப்பது ஆக மேலே இருக்கும் படை. சாதாரணத் தோலில் அது கூடைப் பின்னல் போல இருக்கும். நோயியல் நிபுணர்களும் அதைக் கூடைப் பின்னல் என்றே சொல்வார்கள். கீழே எல்லாம் செத்துப்போன இந்தத் தகட்டிலும் அந்தப் பின்னல் குலையாமல் அழகாக இருக்கும். ஏனென்றால் எல்லாம் நடந்தது சில நாட்களுக்குள். மேற்படை மாறுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. அம்மா தலையில் கயிறு மாட்டிச் சுமந்த கொழுந்துக் கூடைதான் அப்போது ஞாபகம் வரும்.

இன்னொரு அடையாளம், சேதம் இவ்வளவு பெரிதாக இருந்தும் உள்தோலில் அழற்சிக் கலங்கள் குறைவு. தோல் கலத்தைத் தற்கொலைக்குத் தள்ளும் நச்சுப் புரதத்தை நோயை எதிர்க்க வேண்டிய நம்முடைய ரி நிணநீர்க்குழியங்களே (ஒரு வகை வெள்ளை இரத்தக் கலங்கள்) சுரக்கின்றன. கிரானுலைசின் என்ற அந்தப் புரதம் கொப்புள நீரில் நிறைய இருப்பது 2008இல் தெரியவந்தது. சில நூறு பேர் வந்து கொளுத்த வேண்டியதில்லை, நெருப்புக் குச்சி உள்ள சிலர் போதும் என்பது போல.

அதை வேறு நோயோடு குழப்ப வாய்ப்பு உண்டா? நாங்கள் அம்மை என்று நினைத்து வீட்டில் வைத்திருந்தோமே.

உண்டு. நம் பக்கத்தில் இதுதான் உயிரைக் கொண்டுபோகும் குழப்பம். கொப்புளம் கண்டதும் "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் நான்கைந்து நாள் வைத்திருப்பார்கள். மாரியம்மனை நானும் கும்பிடுகிறவன். வேப்பிலையில் குற்றம் சொல்ல வரவில்லை. அந்த நாட்களில் நோயாளி அதே மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருப்பதுதான் கொடுமை.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் உண்டு. கொப்புளிப்பானில் (சின்னம்மையில்) புதுக் கொப்புளமும் காய்ந்த பொருக்கும் ஒரே நேரத்தில் கலந்திருக்கும், அரிக்கும். மருந்து ஒவ்வாமையில் அரிப்பைவிடத் தோல் வலி பெரிது, துணி பட்டாலே துடிப்பார்கள். உதடு வெடித்து இரத்தம் கட்டும், வாய்க்குள் புண் வரும், கண் சிவந்து ஒட்டும், சிறுநீர் போனால் எரியும். நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. ஊதாவாகவோ சாம்பல் பூத்த கறுப்பாகவோதான் திட்டுகள் தெரியும். அதை விரலால் இலேசாகத் தேய்க்கும்போது தோல் நழுவினால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்கு அழையுங்கள், காசு இல்லை.

தகட்டில் இந்தச் சந்தேகம் எளிதில் தீரும். கொப்புளிப்பானில் பல கலங்கள் ஒன்றாகி, ஒரே கலத்துக்குள் பல கருக்களோடு ஊதிப் பெருத்து நிற்கும். மருந்து ஒவ்வாமையில் அது இருக்காது.

சின்னப் பிள்ளைகளில் இன்னொன்றைப் பிரிக்க வேண்டும். ஸ்ரபிலோகொக்கஸ் பற்றீரியாவின் நஞ்சால் தோல் உரிவது. அதில் பிளவு மிக மேலே, கூடைப் பின்னலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். அடிவரிசைக் கலங்கள் உயிரோடிருக்கும். அதற்கு அன்ரிபயொட்டிக் வேண்டும். மருந்தால் வந்ததற்கோ மருந்தை நிறுத்த வேண்டும். வெளியே இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் செய்ய வேண்டியது நேர் எதிர். சதைத் துண்டின் பெறுமதி அங்கே தெரியும்.

ரிப்போர்ட் வரும்வரை மாத்திரையைக் குடிக்கலாமா?

கூடாது. சந்தேகப்படும் மருந்தை நிறுத்துவது ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற காரியமே இல்லை. துண்டு கெடாமல் காக்கும் போமலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகேற்றி, வெட்டி, சாயம் போட்டு முடிக்கக் குறைந்தது ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். வெளி ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வந்தால் இன்னும் கூடும். வசதியுள்ள இடங்களில் கொப்புளத்தின் மேல்தோலையோ சதைத் துண்டையோ உடனே உறையவைத்து வெட்டிப் பார்ப்பார்கள். பிளவு எந்த ஆழத்தில் என்பது அதிலேயே சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஒரேயொரு எச்சரிக்கை. வலிப்பு மாத்திரையை வீட்டிலிருந்தபடி நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், வலிப்பு வந்துவிடும். அடுத்த வேளை மாத்திரைக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்கள். அங்கே நிறுத்தி வேறு மருந்து தருவார்கள். கார்பமசெபின் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெனிடோயினும் பெனோபார்பிடோனும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாற்று மருந்தை வைத்தியரே தெரிவு செய்ய வேண்டும்.

முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, ஈரல் கெட்டுவிட்டது என்கிறார்கள். தோலில் கொப்புளமே இல்லை. அதற்கு ஏன் தோல் எடுக்கிறார்கள்?

அது டிரெஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் நோய். மருந்து தொடங்கிப் பல கிழமை கழித்து வருவதால் யாருக்கும் மருந்தின் மேல் சந்தேகம் வராது. இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளைக் கலங்கள் கூடும், ஈரல் நொதியங்கள் ஏறும். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஹேர்ப்பீஸ் குடும்பத்து வைரஸ்கள் விழித்துக்கொள்வதும் உண்டு.

இதன் தகடு நேர்மையாகச் சொன்னால் குழப்பமானது. ஒரே துண்டில் ஓரிடத்தில் மேல்தோல் நீர் கோத்து எக்சிமா போலவும், இன்னோரிடத்தில் அடிவரிசை அரிக்கப்பட்டும், சில கலங்கள் செத்தும், இரத்தக் குழாய்களைச் சுற்றி நிணநீர்க்குழியங்கள் மொய்த்தும் இருக்கும். இயோசினோபில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தோலில் இயோசினோபில் இல்லை என்பதை வைத்து மருந்து ஒவ்வாமை இல்லை என்று தீர்மானிக்க முடியாது. பல கோலங்கள் ஒரே துண்டில் கலந்து வருவதே இங்கே ஒரு துப்பு. ஆனால் தகடு மட்டும் இந்த நோயை உறுதிப்படுத்தாது. இரத்தப் பரிசோதனை, ஈரல், காய்ச்சல், திகதிகள் எல்லாம் சேர்ந்தால்தான் பெயர் வைக்க முடியும். துண்டு எடுப்பதில் இன்னொரு பயன், தோலில் வரும் நிணநீர்ப் புற்றுநோய் போன்றவற்றைத் தள்ளிவைப்பது.

இவர்களுக்கு ஸ்ரிரொயிட் மருந்தைப் பல கிழமைகள், சில வேளை மாதக்கணக்கில், மெல்ல மெல்லக் குறைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நன்றாக இருக்கிறது என்று திடீரென விட்டால் நோய் திரும்பிவிடும். பின்னாளில் தைரொயிட் கெடவும் கூடும். கொழுந்து எடுக்கிற நாள் பேர் (கூலி) போகிறது என்று கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

சீழ்ப்பரு போல ஆயிரக்கணக்கில் வந்தது, இரண்டு கிழமையில் உரிந்து ஆறிவிட்டது. அதுவும் மருந்தா?

பெரும்பாலும். அமொக்சிசிலின், டில்டியாசெம் போன்றவை செய்யும். கூடைப் பின்னலுக்குக் கீழேயும் மேல்தோலுக்குள்ளும் நியூட்ரோபில் என்ற வெள்ளைக் கலங்கள் நிறைந்த சின்னச் சின்னக் குழிகள், உள்தோலின் மேல்பகுதியில் வீக்கம், இடையில் இயோசினோபில் தெரியும். சீழ்ப்பரு வகைச் சொரியாசிஸ் இதைப் போலவே இருக்கும், ஆனால் அதில் மேல்தோல் தடித்துக் கீழ்நோக்கி நீண்டிருக்கும். பார்க்கத்தான் பயங்கரம். காரண மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

மாத்திரை போடும் ஒவ்வொரு தடவையும் உதட்டில் அதே இடத்தில் கறுப்பு வட்டம் வருகிறது.

அதைச் சாதாரணமாக விடக்கூடாது. தோலுக்குள் அந்த இடத்தில் ஞாபகம் வைத்திருக்கும் நிணநீர்க்குழியங்கள் குடியிருக்கின்றன. அடிவரிசை உடைந்து கறுப்பு நிறமி உள்தோலுக்குள் கொட்டுகிறது. அதை விழுங்கிய கலங்கள் அங்கேயே தங்கிவிடுவதால் கறுப்பு மாதக்கணக்கில் போகாது. தகட்டில் அந்த நிறமி கபில நிறப் பொடியாக நன்றாகத் தெரியும். அதே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் வட்டங்கள் கூடி, கொப்புளமாகி, ஒரு நாள் தோல் உரிகிற நோயைப் போலவே வந்து நிற்கலாம்.

ஏன் இரண்டு துண்டு எடுத்தார்கள்? ஒன்று கெட்டுப்போனதா?

இல்லை. ஒன்று போமலினில் போடுவது, கொப்புளத்தின் ஓரத்திலோ புதிதாக வந்த திட்டிலோ எடுப்பார்கள். மற்றது கொப்புளத்துக்குப் பக்கத்தில், பார்க்க நன்றாக இருக்கும் தோலில் எடுப்பது. நம் உடம்பே தோலுக்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாக்கும் கொப்புள நோய்களைக் கண்டுபிடிக்க ஒளிரும் சாயம் போட்டு அதைப் பார்ப்போம். மருந்தால் தோல் உரியும் நோயில் இது ஒன்றும் காட்டாது, அந்த வெறுமையே பெரிய தகவல். ஒரு விதிவிலக்கு உண்டு: வன்கோமைசின் ஊசி சிலருக்கு ஐஜிஏ பிறபொருளெதிரியைக் கோடு இழுத்தாற்போலப் படியச் செய்யும்.

இந்த இரண்டாவது துண்டு போமலினில் விழுந்தால் வீண். அதற்கென்று உள்ள மிச்செல் கரைசலில் போட வேண்டும். அது இல்லாவிட்டால் சேலைனில் போட்டு 24 மணி நேரத்துக்குள் சேர்க்கலாம். மலையில் மண் சரிந்து பாதை அடைபட்ட ஒரு மழை நாளில் அப்படியொரு துண்டு போமலினில் மிதந்தபடி எங்களிடம் வந்தது. அந்த நோயாளிக்கு மறுபடி ஒரு வெட்டு. வாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால், போத்தலை மூடுமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். துண்டோடு வரும் படிவத்தில் "ராஷ்" என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். மருந்தின் பெயர், தொடங்கிய திகதி, கொப்புளம் கண்ட திகதி, வாயும் கண்ணும் எப்படி என்ற நான்கு வரிகள் இருந்தால் நிபுணர் எழுதும் ரிப்போர்ட்டே வேறாக இருக்கும்.

ரிப்போர்ட்டில் "நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்" என்று இருக்கிறதாம். அப்படியென்றால் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையா?

கண்டுபிடித்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். தகட்டில் தெரிந்தது மருந்து ஒவ்வாமைக்குப் பொருந்துகிறது, முடிவை நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் எடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். எலும்பு மச்சை மாற்றியவர்களுக்கு வரும் ஒரு நோயும், ஹேர்ப்பீஸுக்குப் பிறகு வரும் எரித்தீமா மல்டிபோமும் தகட்டில் இதற்கு மிக நெருக்கமாக இருக்கும். நோயாளியை அறியாமல் அவற்றைப் பிரிக்க முடியாது.

என் மகனுக்கு வந்தது. தங்கச்சிக்கும் அந்த மாத்திரை ஆபத்தா?

இருக்கலாம். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமசெபினாலும், பி 58:01 உள்ளவர்களுக்கு அலோபியூரினோலாலும் ஆபத்து கூடுதல் என்பது உறுதியாகத் தெரியும். கூடப்பிறந்தவர்களிடமும் அது இருக்கலாம். தங்கைக்கு எப்போதாவது அந்த மருந்தை எழுதினால் "அண்ணனுக்கு இப்படி வந்தது" என்று முதலில் சொல்லுங்கள். மகனுக்கோ வாழ்நாள் முழுக்க அந்த மருந்து ஆகாது. டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். "மருந்து அலர்ஜி" என்று மட்டும் எழுதினால் போதாது. அதைப் படம் எடுத்து, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் ஒட்டுங்கள். தோட்ட டிஸ்பென்சரியிலும் காட்டி வையுங்கள்.

தையல் போட்ட இடத்தோடு மலைக்குப் போகலாமா?

முதுகிலோ இடுப்பிலோ எடுத்திருந்தால் தையல் வெட்டும்வரை வேண்டாம். முதுகில் கூடை உரசும், இடுப்பில் படங்குக் கயிறு இறுக்கும். தையலை 10 முதல் 14 நாளில் வெட்டுவார்கள், முகத்தில் என்றால் அதற்கு முன்பே. மழையில் நனைந்த கட்டை அன்றே மாற்றுங்கள். அட்டை கடித்த இடம் போல மஞ்சளோ சுண்ணாம்போ அப்ப வேண்டாம். சீழோ காய்ச்சலோ வந்தால் நாள் பார்க்காமல் காட்டுங்கள். தையலை வெட்டுவதற்காக மட்டும் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரி வரை வர வேண்டியதில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியிலோ தோட்ட டிஸ்பென்சரியிலோ கார்டைக் காட்டினால் வெட்டிவிடுவார்கள்.